ஆழாக்கும் கைப்பிடியும்: தமிழில் சமையல் குறிப்பின் வரலாறு

தமிழகத்தில் சமையலுக்கு நூல் இருந்ததைச் சொல்லும் மிகப் பழைய சான்றுகளில் ஒன்று பத்துப்பாட்டில் இருக்கிறது. ஓய்மாநாட்டை ஆண்ட நல்லியக்கோடனைப் பாடும் சிறுபாணாற்றுப்படை, அவன் பாணருக்கு இட்ட விருந்து பீமன் இயற்றிய சமையல் நூலின் நெறி வழுவாமல் ஆக்கப்பட்டது என்கிறது. மணிமேகலை, நாடக மகளிர் பயில வேண்டிய கலைகளை அடுக்கும் இடத்தில் மடைநூலையும் சேர்க்கிறது. இரண்டுமே பெயரளவில் நிற்கின்றன. நூல் எதுவும் நம் கைக்கு வரவில்லை. ஆனால் சமைத்த உணவைப் பற்றிய செய்திக்குச் சங்க இலக்கியத்தில் குறைவில்லை. மாதுளம் பிஞ்சை வெண்ணெயில் வேகவைத்து, மிளகுப் பொடியும் கறிவேப்பிலையும் சேர்க்கும் பக்குவத்தைப் பெரும்பாணாற்றுப்படை சொல்கிறது. புதிதாக மணமான பெண் ஒருத்தி, முற்றிய தயிரைப் பிசைந்த விரல்களைச் சேலையில் துடைத்துக்கொண்டு, தாளிக்கும் புகை கண்ணில் ஏறத் தானே துழாவிச் சமைத்த புளிப்பாகைக் கணவனுக்குப் படைக்கும் காட்சியைக் கூடலூர் கிழார் குறுந்தொகையில் பாடியிருக்கிறார். பெற்றோர் வீட்டை விட்டு வந்து தனியாக அடுப்பு மூட்டும் பெண், தமிழில் அங்கேயே வந்துவிடுகிறாள். அவளுக்கென்று ஒரு புத்தகம் வர 20-ஆம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அண்டை நாடுகளின் நிலை வேறு. மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் 12-ஆம் நூற்றாண்டில் வடமொழியில் தொகுத்த மானசோல்லாசம், அரண்மனை உணவுகளைச் செய்முறையோடு விவரிக்கிறது. கன்னடத்தில் மூன்றாம் மங்கரசன் 1508-ல் சூபசாஸ்திரம் எழுதினான். தமிழில் உணவைப் பற்றித் தொடர்ந்து எழுதியவர்கள் மருத்துவர்கள். பதார்த்த குண சிந்தாமணி போன்ற நூல்கள் எந்தக் காய் எந்தக் குணம், எது வாதம், எது பித்தம், எதை எதனோடு சேர்க்கலாகாது என்று விரிவாகப் பேசும். அதை எப்படிச் சமைப்பது என்பது சமைப்பவருக்குத் தெரிந்த விஷயமாகவே விடப்பட்டது.

அளவுகளை எழுதிவைக்கும் பழக்கம் கோயிலில் வேரூன்றியது. அம்பாசமுத்திரத்தில் கிடைத்த வரகுண பாண்டியனின் 9-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, நாள்தோறும் இறைவனுக்கு அமுது படைக்க வேண்டிய அரிசி, பருப்பு, நெய், தயிர், கறி வகைகளைப் படியளவோடு குறிப்பிடுகிறது. மிளகு, மஞ்சள், சீரகம், கடுகு, கொத்தமல்லி ஐந்தும் சேர்ந்த காயத்தையும் அது விடவில்லை. சோழர் காலக் கல்வெட்டுகளும் இதே முறையில் திருவமுதுக்கான பொருள்களை நாழி, உரி, உழக்கு, ஆழாக்கு, செவிடு வரை நுணுக்கமாகக் கணக்கிடுகின்றன. ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு, இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி, பன்னிரண்டு குறுணி ஒரு கலம் என்ற அந்த வாய்பாடு ஆயிரம் ஆண்டு கழித்தும் தமிழ்ச் சமையலறையில் வழங்கியது.

கல்வெட்டு ஒரு கணக்கு. நிவந்தம் கொடுத்தவர் பெயருக்கும் அறக்கட்டளைக்கும் பங்கம் வராமல் பொருள் வந்து சேர வேண்டும் என்பதே அதன் கவலை. எனவே பொருளும் அளவும் கல்லில் ஏறின. செய்முறை மடைப்பள்ளிப் பரிசாரகர்களின் கையில் தங்கியது. இதனால் ஒரு நன்மையும் விளைந்தது. அமெரிக்கக் கண்டங்களிலிருந்து போர்த்துகீசியர் வழியாக வந்த மிளகாயும், பின்னால் வந்த உருளைக்கிழங்கும் தக்காளியும் பல கோயில் மடைப்பள்ளிகளுக்குள் நுழையவே இல்லை. மிளகும் சீரகமும் புளியும் மட்டும் போட்டுச் செய்யும் புளியோதரை, மிளகு சாதம், வடை ஆகியவற்றில் மிளகாய்க்கு முந்திய தமிழ்ச் சமையலின் சுவை இன்றும் நாவுக்குக் கிட்டுகிறது. சிராத்தச் சமையலிலும் இதே கட்டுப்பாடு உண்டு: முட்டைக்கோசு, கேரட், பீன்ஸ் போன்ற ‘இங்கிலீஷ் காய்கறி’ விலக்கு, வாழைக்காய், பாகற்காய், புடலங்காய், சேப்பங்கிழங்கு, கொத்தவரங்காய் மட்டும். எழுதாமல் காக்கப்பட்ட சமையல் நூல் என்று இந்த இரண்டையும் கொள்ளலாம்.

அரண்மனைகளில் செய்முறையையும் எழுதிவைக்கும் வழக்கம் தஞ்சை மராட்டியரிடம் இருந்தது. இரண்டாம் சரபோஜி (1798–1832) காலத்து அரண்மனைச் சமையல் குறிப்புகள், சரபேந்திர பாகசாஸ்திரம் என்ற மராத்திச் சுவடியாகத் தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் உள்ளன. அரண்மனையில் பிராமணச் சமையற்கட்டு, மராட்டியப் புலால் சமையற்கட்டு, ஐரோப்பிய விருந்தினருக்கான ஆங்கிலச் சமையற்கட்டு என்று தனித்தனியே இயங்கியதை அது காட்டுகிறது. சாம்பார் இந்த அரண்மனையில்தான் பிறந்தது என்று பரவலாக ஒரு கதை சொல்லப்படுகிறது. அதற்கு அக்காலத்துச் சான்று எதையும் யாரும் காட்டவில்லை.

கோயிலும் அரண்மனையும் ஒருபுறம் இருக்க, வீட்டுச் சமையல் எழுத்தின் துணையே இல்லாமல் துல்லியமாகக் கைமாறி வந்தது. வாய்மொழிச் சமையலுக்கு அளவே கிடையாது என்று கருதுவது தவறு. அதன் அளவுகள் உடம்பிலும் தோட்டத்திலும் இருந்தன. கல் உப்புக்குக் கைப்பிடி, மஞ்சளுக்குச் சிட்டிகை, இஞ்சிக்கு விரற்கடை. புளிக்கு எலுமிச்சை அளவு, நெல்லிக்காய் அளவு, கொட்டைப்பாக்கு அளவு என்று படிநிலை உண்டு. கட்டிப் பெருங்காயத்துக்குச் சுண்டைக்காய் அளவு. சோற்றுக்கு வைக்கும் தண்ணீரை அரிசிக்கு மேல் விரற்கணு எத்தனை நிற்கிறது என்று பார்த்தார்கள். பழைய அரிசிக்கும் புது அரிசிக்கும் கணு மாறும். புளியின் புளிப்பு ஆண்டுக்கு ஆண்டு வேறு, மிளகாயின் உறைப்பு ஊருக்கு ஊர் வேறு என்ற நிலையில், கிராம் கணக்கை விட இந்த நெகிழ்ந்த அளவே சமைப்பவருக்கு உதவியது.

காலத்துக்கும் கடிகாரம் தேவைப்படவில்லை. ஒவ்வொரு பண்டமும் தன் நிலையைத் தானே அறிவித்தது. அந்த நிலைக்குப் பதம் என்று பெயர். பாகு வகைகளில் இந்த அறிவு எவ்வளவு நுட்பமானது என்பது தெரியும். வெல்லத்தைக் கரைத்துக் கொதிக்கவைத்தால் முதலில் பிசுக்குப் பதம், பிறகு விரல்களுக்கிடையே ஒரு கம்பி, இரு கம்பி என்று இழுபடும். தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் கரையாமல் தங்கி, விரலால் சேர்த்தால் மெத்தென்று உருளும் பாகு அதிரசத்துக்கு. அதே சொட்டை உருட்டிப் பாத்திரத்தில் போடும்போது ‘டங்’ என்று ஒலித்தால் அது பொரிவிளங்காய் உருண்டைக்கும் கடலை உருண்டைக்கும் உரிய கெட்டிப் பாகு. இரண்டுக்கும் இடையே உள்ளவை சில நிமிடங்கள்தான். அதில் தவறினால் அதிரசம் எண்ணெயில் கரைந்துபோகும், அல்லது கல்லாகும். குழம்புக்கு அடையாளம் பச்சை வாசனை போவது, எண்ணெய் மேலே பிரிந்து வருவது. ரசத்துக்கு நுரை கட்டி மேலெழும் கணம். அதைக் கொதிக்க விட்டால் கெட்டது. மைசூர்பாகுக்கு நெய்யில் கடலைமாவு பொங்கிக் கூடு விடுவது. கண், காது, மூக்கு, விரல் நான்கும் சேர்ந்து வேலை செய்த இந்தக் கல்வி, தாயும் மாமியாரும் பக்கத்தில் நிற்கும் வரை குறைவற நடந்தது.

அச்சு இயந்திரம் வந்த பிறகு முதலில் சமையல் நூலைக் கேட்டவர்கள் வெள்ளையர்கள். சென்னையில் இருந்த ராணுவ அதிகாரி ஆர்தர் ராபர்ட் கென்னி-ஹெர்பர்ட், ‘வைவர்ன்’ என்ற புனைபெயரில் நாளிதழில் எழுதிவந்த சமையல் கட்டுரைகளை 1878-ல் ஹிக்கின்பாதம்ஸ் நிறுவனம் நூலாக வெளியிட்டது. பிரெஞ்சு முறையில் விருந்து படைக்க விரும்பிய ஆங்கிலேயக் குடும்பங்களுக்கான நூல் அது. சமைக்கப்போகும் தமிழரை ‘ராமசாமி’ என்று பொதுப்பெயரால் அழைக்கிறது. ஆனாலும் சென்னையின் குழம்பு வகைகளையும் மிளகுதண்ணியையும் ஆர்வத்தோடு பேசி, மசாலைப் பொடியைக் கடையில் வாங்காமல் வீட்டிலேயே திரிக்கும்படி வற்புறுத்தியவர் அவர். துரைசானிகள் தம் சமையல்காரருக்குச் சொல்ல வேண்டியதை ஆங்கிலத்திலும் தமிழிலும் சேர்த்து அச்சிட்ட சிறு நூல்களும் அக்காலத்தில் விற்றன.

தமிழருக்காகத் தமிழில் பாகசாஸ்திர நூல்கள் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலும் வரத் தொடங்கின. இராமச்சந்திர ராயரின் இந்து பாகசாஸ்திரம் அவற்றில் பெயர்பெற்றது. இத்தகைய நூல்களை எழுதியவர்கள் பெரும்பாலும் ஆண்கள். நளபாகம், பீமபாகம் என்ற புராண மரபைத் தொட்டுக்கொண்டு எழுதினார்கள். அவற்றின் அகலம் வியப்பூட்டுவது: சைவம், புலால், பட்சணம், ஊறுகாய் எல்லாம் ஒரே அட்டைக்குள் வந்தன. ஆனால் ஏற்கெனவே சமைக்கத் தெரிந்தவருக்கே அவை பயன்பட்டன. ‘முன்போல் தாளித்து இறக்கவும்’ என்ற வாக்கியம், முன்பு தாளித்ததே இல்லாதவருக்கு ஒன்றும் சொல்லாது.

அப்படிப்பட்டவர்களின் தொகை 1930, 1940களில் வேகமாகப் பெருகியது. அரசு அலுவலும் ரயில்வேயும் வங்கியும் தஞ்சை, திருநெல்வேலிக் கிராமங்களிலிருந்து குடும்பங்களைச் சென்னைக்கும் பம்பாய்க்கும் தில்லிக்கும் கல்கத்தாவுக்கும் கொண்டுபோயின. பெண்கள் பள்ளியிறுதி வரை படித்தார்கள். சமையலறைப் பயிற்சிக்கு முந்தைய தலைமுறைக்குக் கிடைத்த ஆண்டுகள் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. மணமாகி ஆயிரம் மைல் தாண்டிக் குடித்தனம் வைத்தவருக்கு மோர்க்குழம்பில் சந்தேகம் வந்தால் கேட்க ஆளில்லை. கடிதம் போட்டுப் பதில் வரப் பல நாள் ஆகும்.

அந்தக் கடிதங்களிலிருந்து பிறந்த புத்தகம்தான் எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’. 1905-ல் பிறந்த மீனாட்சி அம்மாள், இளம் வயதிலேயே கணவரை இழந்து குடும்பப் பொறுப்பைச் சுமந்தவர். கைப்பக்குவத்துக்குப் பெயர்போன அவரிடம் உறவினரும் நண்பர்களும் எழுதிக் கேட்பது வழக்கமாக இருந்தது. அவருடைய உறவினரான வழக்கறிஞர் கே. வி. கிருஷ்ணசுவாமி ஐயர், ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுதுவதை விட எல்லாவற்றையும் நூலாக்கும்படி தூண்டினார். முதல் பாகம் 1951-ல் சென்னையில் வெளிவந்தது. அடுத்த பாகங்கள் தொடர்ந்தன. கைம்பெண்ணுக்குப் பொதுவாழ்வில் இடம் மறுத்த ஆசாரக் குடும்பச் சூழலில், அவள் அறிவெல்லாம் சமையற்கட்டுக்குள்ளேயே முடிந்துபோன காலத்தில், அந்த அறிவையே மூலதனமாக்கித் தன் பெயரில் நூல் வெளியிட்டது பெரிய துணிவு. தமிழ்ப் பதிப்பு வரலாற்றில் இந்த நிகழ்வுக்கு உரிய இடம் இன்னும் கொடுக்கப்படவில்லை.

நூலின் வெற்றிக்குக் காரணம் அதன் ஒழுங்கு. சாம்பார், குழம்பு, ரசம், கூட்டு, கறி, பச்சடி, பாயசம், சிற்றுண்டி, பட்சணம், ஊறுகாய், வடாம் என்று ஒரு குடும்பத்தின் அன்றாடத்தை வரிசையாக எடுத்துக்கொள்கிறது. ஒவ்வொன்றுக்கும் தலைப்பில் பொருள்கள் அளவோடு நிற்கும். கீழே செய்முறை, எதன்பின் எது என்று நகரும். எதைச் சிவக்க வறுக்க வேண்டும், எதை வறுக்காமல் அரைக்க வேண்டும், கறிவேப்பிலை எப்போது, பெருங்காயம் எப்போது என்பதெல்லாம் சொல்லப்படும். எதிர்ப்பக்கம் வண்ணப்படம் கிடையாது, கதையும் கிடையாது. அடுப்பில் பாத்திரம் இருக்கும்போது ஒரு கையில் பிடித்துப் படிக்கத்தக்க நூல் அது. மூன்றாம் பாகம் பண்டிகை, விரதம், கல்யாணம் ஆகியவற்றின் சமையலையும் முறைகளையும் எடுத்துக்கொண்டது. ஊரில் மூத்த சுமங்கலிகள் மனத்தில் வைத்திருந்த சாமான் கணக்கு, தில்லியில் கல்யாணம் செய்யும் குடும்பத்துக்கு இதனால் கையில் கிடைத்தது.

அளவு விஷயத்தில் மீனாட்சி அம்மாள் எடுத்த முடிவு முக்கியமானது. கைப்பிடியையும் எலுமிச்சை அளவையும் கூடியவரை ஒதுக்கி, ஆழாக்கும் பலமும் தோலாவும் கொண்டு எழுதினார். பருப்பு, அரிசி, தண்ணீர் ஆழாக்குக் கணக்கில். புளி, வெல்லம், மிளகாய் போன்றவை எடைக் கணக்கில். மூன்று தோலா ஒரு பலம், அதாவது ஏறத்தாழ 35 கிராம். எட்டுப் பலம் ஒரு சேர். நாற்பது பலம் ஒரு வீசை. ஆனால் படி எல்லா ஊரிலும் ஒன்றாக இருந்ததில்லை. சென்னையின் பெரிய படியும் தஞ்சைப் பக்கத்துச் சின்னப் படியும் வேறு; ஆகவே அதில் எட்டில் ஒரு பங்கான ஆழாக்கும் வேறு. அரிசியும் பருப்பும் ஒரே ஆழாக்கால் அளக்கப்படுவதால் இட்லிக்கோ பொங்கலுக்கோ விகிதம் கெடாது. புளியும் உப்பும் எடையில் வரும் குழம்புகளில்தான் சிக்கல். பட்டணத்து ஆழாக்கை, அதாவது சுமார் 200 மில்லி லிட்டரை, வைத்துக்கொண்டவருக்குக் குறிப்பு சரியாக வந்தது.

புத்தகம் வெளிவந்த சில ஆண்டுகளிலேயே இந்த அளவுகள் சட்டப்படி காலாவதியாகத் தொடங்கின. 1956-ல் எடை, அளவைத் தரச் சட்டம் நிறைவேறியது. 1958 முதல் படிப்படியாக கிலோகிராம் வந்து, 1960களின் தொடக்கத்தில் கட்டாயமாயிற்று. கடைக்காரர் வீசையை மறந்த பிறகும் வீட்டில் ஆழாக்கும் உழக்கும் பித்தளையில் தொடர்ந்து இருந்தன. பின்னால் வந்த பதிப்புகள் கிராம் கணக்கைச் சேர்த்தன. ‘குக் அண்ட் சீ’ என்ற ஆங்கில வடிவம் தமிழ் படிக்கத் தெரியாத பேத்திமார்களுக்குப் போயிற்று. புதிதாக மணமான பெண்ணின் சீர்வரிசையில் ‘சமைத்துப் பார்’ ஒன்றும் வைக்கும் வழக்கம் பிராமணக் குடும்பங்களில் பரவி, அமெரிக்காவுக்குப் படிக்கப்போன மாணவரின் பெட்டிக்குள்ளும் அது இடம்பிடித்தது.

எடையை விடப் பெரிய மாற்றம் அடுப்பிலும் அம்மியிலும் நிகழ்ந்தது. பழைய குறிப்புகள் விறகடுப்பையும் கரி போட்ட குமுட்டியையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை: கொள்ளியை இழுத்துவிடு, தணலில் வை, ஈயச் சொம்பில் ரசத்தை நுரைக்க விடு, கல்சட்டியில் வற்றல்குழம்பைச் சுண்ட வை. கெரசின் ஸ்டவ் வந்தபோதும் இவை ஓரளவு பொருந்தின. 1960களின் நடுவிலிருந்து சமையல் எரிவாயு பரவியதும் தணல் மறைந்து ‘சிம்’ வந்தது. பிரஷர் குக்கர் வந்ததும் பருப்பு குழைவதற்கு அடையாளம் பார்க்கும் பழக்கம் போய், மூன்று விசில், ஐந்து விசில் என்று காதால் எண்ணும் புதிய அளவு ஒன்று தமிழ்ச் சமையலில் சேர்ந்தது. இன்றைய குறிப்பு எதிலும் விசில் கணக்கு இல்லாமல் இருப்பது அரிது.

கோயம்புத்தூரில் பி. சபாபதி 1955-ல் உருவாக்கிய மின் ஆட்டுக்கல், இட்லி மாவைப் பெண்களின் தோளிலிருந்து இறக்கியது. பின்னாளில் கோவை வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. கை ஆட்டுக்கல்லில் நான்கு பங்கு புழுங்கல் அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து ஆட்டி எடுக்க ஒரு மணிக்கு மேல் ஆகும். அதனால் இட்லி பல வீடுகளில் விசேஷ நாளின் பண்டமாகவே இருந்தது. அது அன்றாடச் சிற்றுண்டியாக மாறியதில் சமையல் புத்தகங்களை விட இந்த இயந்திரத்தின் பங்கு பெரிது. மிக்ஸி வந்ததும் துவையலும் சட்னியும் எளிதாயின. ஆனால் அம்மியில் நசுங்கி எண்ணெய் விட்ட மிளகும் தேங்காயும் தரும் மணம், வேகமாகச் சுழலும் கத்தியில் சூடேறி வெட்டுப்படும் மசாலையில் வருவதில்லை. செய்முறையின் ஒவ்வொரு சொல்லையும் அப்படியே பின்பற்றியும் பாட்டி வைத்த குழம்பு வரவில்லை என்று பலர் சொல்வதற்கு இது ஒரு காரணம். பொடி வகைகளும் வீட்டை விட்டு வெளியேறின. 1970களில் ஈரோட்டில் தொடங்கிய சக்தி மசாலாவும் பின்னால் வந்த பிற நிறுவனங்களும் சாம்பார் பொடி, கறி மசால், குழம்பு மிளகாய்த்தூள் என்று பாக்கெட்டில் விற்றன. ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு வேறுபட்ட கொத்தமல்லி–மிளகாய் விகிதம் ஒரே சுவையை நோக்கி நகர்ந்தது.

இதே காலத்தில் சமையல் குறிப்பு எழுதுபவரும் மாறினார். வார, மாத இதழ்களின் மகளிர் பக்கங்கள் வாசகியரிடமிருந்தே குறிப்பு கேட்டு வெளியிட்டன. மங்கையர் மலர், அவள் விகடன் போன்ற இதழ்கள் இதைப் பெரிய அளவில் செய்தன. ‘30 வகை’ என்று தொடங்கும் இணைப்புப் புத்தகங்கள் பல வீடுகளில் கட்டுக்கட்டாகச் சேர்ந்தன. முப்பது வகைச் சட்னி, முப்பது வகைக் கீரை, முப்பது வகை டிபன் பாக்ஸ் சாதம். எண்ணிக்கைக்காகச் சேர்த்தவையும் அவற்றில் இருந்தன என்பது உண்மை. ஆனால் குறிப்பின் கீழ் அச்சான பெயரும் ஊரும் பெரிய காரியம் செய்தன. அறிமுகமில்லாத ஒரு சிற்றூர்ப் பெண்ணின் சமையல் வழி தமிழ்நாடு முழுதும் படிக்கப்பட்டது, அவளும் எழுத்தாளரானாள். கத்தரித்து எடுத்த துண்டுகளைப் பழைய டைரியில் ஒட்டி, ஓரத்தில் ‘உப்பு குறை’, ‘இரட்டிப்பு செய்யலாம்’ என்று பென்சிலால் திருத்திய நோட்டுகள் தமிழ் வீடுகளில் ஏராளம். அச்சான குறிப்பு அந்தந்த வீட்டுச் சொத்தாக மாறியது இந்த ஓரக் குறிப்புகளில்தான். நூலகங்கள் சேகரிக்க வேண்டிய ஆவணங்கள் இவை.

சமையல் புத்தக மரபின் பெருங்குறை, அது எதை எழுதாமல் விட்டது என்பதில் இருக்கிறது. எழுத்தறிவும் அச்சகத் தொடர்பும் முதலில் யாரிடம் இருந்தனவோ அவர்களுடைய சமையலே தமிழ்ச் சமையல் என்று பதிவானது. ‘சமைத்துப் பார்’ ஒரு தமிழ் பிராமண வீட்டின் சமையல். அது வேறெதுவாகவும் தன்னைக் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் அதன் புகழால், சாம்பாரும் ரசமும் கூட்டும் தென்னிந்திய உணவின் முழு உருவமாக வெளியுலகுக்குத் தெரிந்தன. இந்தியச் சமையல் நூல்களைப் பற்றி 1988-ல் எழுதிய கட்டுரையில் அர்ஜுன் அப்பாதுரை, நகர்ப்புற நடுத்தர வர்க்கத்தின் தேவையே இந்நூல்களை உருவாக்கியது என்றும், பிராந்தியச் சமையல் என்று அறியப்படுவதை அவையே வரையறுத்தன என்றும் காட்டினார். கம்பங்கூழ், கேழ்வரகுக் களி, சோளச்சோறு, நத்தை, வயல் நண்டு, கருவாட்டுக் குழம்பு, ரத்தப் பொரியல், குடல் குழம்பு ஆகியவை பெரும்பான்மைத் தமிழரின் தட்டில் இருந்தும் நெடுங்காலம் புத்தகத்தில் இல்லை. நெல்லுச்சோறு தீபாவளிக்கு மட்டும் என்று வாழ்ந்த வீடுகளின் அறிவு, எந்தப் பதிப்பகத்தின் கதவையும் தட்டவில்லை.

இந்த இடைவெளி 1980களுக்குப் பிறகு மெல்லக் குறையத் தொடங்கியது. மல்லிகா பத்ரிநாத் தலைப்புவாரியாகச் சிறு நூல்களை எளிய நடையில் தொடர்ந்து எழுதி, வடநாட்டுச் சப்பாத்திக் குருமாவையும் தமிழ்ச் சமையலறைக்குள் கொண்டுவந்தார். தொலைக்காட்சி அடுத்த வாசலைத் திறந்தது. சென்னை தூர்தர்ஷன் 1975-லும் சன் டிவி 1993-லும் தொடங்கின. சமையல் நிகழ்ச்சி பிற்பகலின் நிலையான அங்கமாயிற்று. கவிஞர் கண்ணதாசனின் மகள் ரேவதி சண்முகம், செட்டிநாட்டு ஆச்சிமார்களின் கைப்பக்குவத்தைப் பொறுமையாகச் செய்துகாட்டினார். செஃப் தாமு ஓட்டல் சமையலின் முறைமையை வீட்டுக்குக் கொண்டுவந்தார். தேனி மாவட்டத்தைச் சேர்ந்த செஃப் ஜேக்கப், கொங்கு நாடு, நாஞ்சில் நாடு, செட்டிநாடு என்று ஊர் ஊராகச் சென்று மூத்தோரிடம் கேட்டு அறிந்த புலால் சமையலை ‘ஆஹா என்ன ருசி’ நிகழ்ச்சியில் பெருமையோடு முன்வைத்தார். 2012-ல் அவர் இளம் வயதிலேயே இறந்தது இந்தத் துறைக்குப் பேரிழப்பு. பள்ளிபாளையம் சிக்கனும் அரிசிம்பருப்பும் நாஞ்சில் மீன்குழம்பும் தமிழ்ச் சமையலின் மையத்தில் பேசப்படுவதில் அவர் உழைப்புக்குப் பங்குண்டு.

இலங்கையின் பாதை தனியானது. 1929-ல் ஹில்டா டியூட்ரம் தொகுத்த ‘சிலோன் டெய்லி நியூஸ்’ சமையல் நூல், பறங்கியர், சிங்களர், தமிழர், ஐரோப்பியர் சமையல்களை ஆங்கிலத்தில் ஒன்றாக வைத்தது. அது பல பதிப்புகள் கண்டது. யாழ்ப்பாணத்து ஒடியற்கூழும் குரக்கன் பிட்டும் வறுத்த கறித்தூளும் அரிசியைச் சுண்டு என்ற அளவையால் அளக்கும் வழக்கமும் பெரும்பாலும் வாய்மொழியாகவே நடந்தன. 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு டொரன்டோ, லண்டன், பாரிஸ் என்று சிதறிய குடும்பங்களில், கறித்தூள் வறுக்கும் பக்குவத்தைக் குறித்துவைப்பது ஓர் அவசரத் தேவையாயிற்று. ஒடியல் கிடைக்காத நாட்டில், ஊரை நேரில் கண்டிராத பிள்ளைகளுக்காக அந்தக் குறிப்புகள் எழுதப்பட்டன.

கடந்த பத்தாண்டுகளில் காணொளி மற்ற வடிவங்களை முந்திவிட்டது. புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தில் ஒரு முதியவரும் அவர் பேரன்களும் 2018-ல் தொடங்கிய ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’, 2021-ல் ஒரு கோடி சந்தாதாரர்களைப் பெற்ற முதல் தமிழ் யூடியூப் சேனலாயிற்று. வயல்வெளியில் அம்மியில் அரைத்து, விறகில் பெரிய அண்டாவில் நண்டும் ஆட்டுக்கறியும் சமைக்கும் அந்தக் காட்சிகளில் ஆழாக்கும் இல்லை, கிராமும் இல்லை. பொருளின் பெயரை உரக்கச் சொல்லிக் கைநிறைய அள்ளிப் போடுவார்கள். கொதிக்கும் ஓசையும் நிறம் மாறுவதும் திரையில் தெரியும். நூறு ஆண்டு அச்சு மரபு எழுத்தில் சொல்ல முயன்று முழுதும் சொல்ல முடியாத பதம், பார்வையாளருக்கு மறுபடி கண்ணாலும் காதாலும் கிடைக்கிறது. மறுபுறம், சிறிய குடித்தனம் வைத்திருப்பவர் இருவருக்கு ரசம் வைக்க எவ்வளவு புளி என்று தேடும்போது, ‘சமைத்துப் பார்’ இன்னும் அச்சில் இருக்கிறது; சென்னைக் கடைகளில் அதன் பாகங்கள் தனித்தனியே விற்கின்றன.